சிறுசொல்லின் ஆட்சி: ஆங்கில ஃபிரேசல் வெர்ப்கள் இயங்கும் விதம்

'தி அலாரம் வென்ட் ஆஃப்' என்றால் அலாரம் அடித்தது என்று பொருள். 'தி லைட்ஸ் வென்ட் ஆஃப்' என்றால் விளக்குகள் அணைந்துவிட்டன என்று பொருள். முதல் வாக்கியத்தில் சும்மா இருந்தது சத்தம் போடத் தொடங்குகிறது. இரண்டாவதில் எரிந்துகொண்டிருந்தது அடங்கிப் போகிறது. இரண்டிலும் வினை ஒன்றுதான், அதற்குப் பின்னால் நிற்கும் சிறுசொல்லும் ஒன்றுதான். இதே 'வென்ட் ஆஃப்' குண்டைப் பற்றிச் சொல்லப்பட்டால் குண்டு வெடித்தது என்றும், ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லப்பட்டால் அவர் கிளம்பிப் போனார் என்றும், பிரிட்டனில் பாலைப் பற்றிச் சொல்லப்பட்டால் பால் கெட்டுவிட்டது என்றும் பொருள் தரும். இலக்கணத்தை முறையாகப் படித்து, காலங்களையும் செயப்பாட்டு வினையையும் பிழையில்லாமல் கையாளத் தெரிந்தவர்கள்கூட அன்றாட ஆங்கிலப் பேச்சின் நடுவே திகைத்து நிற்கும் இடம் பெரும்பாலும் இதுதான்.

'கோ', 'டேக்', 'புட்', 'கெட்' போன்ற எளிய வினை ஒன்றும் 'அப்', 'அவுட்', 'ஆஃப்', 'ஆன்', 'டவுன்' போன்ற சிறுசொல் ஒன்றும் சேர்ந்து ஒரே வினையாக இயங்குவதை ஃபிரேசல் வெர்ப் என்கிறார்கள். தமிழில் இதைச் சொற்றொடர் வினை என்றும் கூட்டுவினை என்றும் எழுதுவதுண்டு. இந்தச் சிறுசொல்லை இக்கட்டுரையில் இடைச்சொல் என்றே குறிப்பிடுகிறேன். பெயரோடும் வினையோடும் சேர்ந்து நடப்பது, தனக்கென்று தனித்த இயல்பு இல்லாதது என்று தொல்காப்பியம் இடைச்சொல்லுக்குச் சொல்லும் இலக்கணம் இதற்குப் பாதிதான் பொருந்தும். சேர்ந்து நடப்பது உண்மை. இயல்பு இல்லாதது என்பது சரியாகாது. ஃபிரேசல் வெர்ப்பில் பொருளின் திசையைத் தீர்மானிப்பது பல நேரங்களில் இந்த இடைச்சொல்தான். ஆனால் பாடப்புத்தகங்கள் வினையின் அகரவரிசைப்படி 'கெட்' என்ற தலைப்பில் இருபது, 'டேக்' என்ற தலைப்பில் பதினைந்து என்று அடுக்கிவிடுகின்றன. அந்தப் பட்டியலை எத்தனை முறை ஒப்பித்தாலும் பேச்சில் அது கைகொடுப்பதில்லை, ஏனென்றால் ஒன்றையொன்று விளக்கக்கூடிய சொற்கள் அதில் வெவ்வேறு பக்கங்களுக்குச் சிதறிப் போயிருக்கின்றன.

முதலில் எல்லையைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வினைக்குப் பின்னால் 'அப்' வந்துவிட்டது என்பதற்காக மட்டும் அது ஃபிரேசல் வெர்ப் ஆகிவிடாது. 'ஹி ரான் அப் எ ஹில்' என்றால் அவர் ஒரு குன்றின் மேல் ஓடினார். 'ஹி ரான் அப் எ பில்' என்றால் அவர் செலவு செய்து பாக்கியை ஏற்றிக்கொண்டார். முதல் வாக்கியத்தில் 'அப்' குன்றோடு சேர்ந்தது, எங்கே ஓடினார் என்ற கேள்விக்கு அது விடை தருகிறது. இரண்டாவதில் 'அப்' வினையோடு சேர்ந்தது. குன்றுக்கும் பாக்கிக்கும் பதிலாக 'இட்' என்ற சுட்டுப்பெயரை வைத்துப் பார்த்தால் வேறுபாடு உடனே வெளிப்படும். குன்றுக்கு 'ஹி ரான் அப் இட்' என்றும் பாக்கிக்கு 'ஹி ரான் இட் அப்' என்றும் சொல்ல வேண்டும். அதேபோல, வினைக்கும் 'அப்'புக்கும் நடுவே 'க்விக்லி' என்ற சொல்லைச் செருகினால் குன்று அதைத் தாங்கிக்கொள்ளும், பாக்கி தாங்காது.

காதுக்கும் இந்த வேறுபாடு கேட்கும். 'லுக் அட் இட்' என்பதில் அழுத்தம் 'லுக்' மேல் விழுகிறது, 'அட்' வாய்க்குள் முணுமுணுப்பாக நழுவிவிடுகிறது. 'லுக் இட் அப்' என்பதில் கடைசியில் வரும் 'அப்' தெளிவாகவும் உரக்கவும் ஒலிக்கிறது. புதிதாகக் கேட்பவர்களுக்கு வேறொரு தொல்லையும் உண்டு. 'பிக் இட் அப்' என்று எழுத்தில் மூன்றாக நிற்பது பேச்சில் 'பிக்கிட்டப்' என்று ஒரே சொல்லாகிவிடும்; அமெரிக்கர் வாயில் அது 'பிக்கிடப்' என்றே கேட்கும். மெய்யில் முடியும் சொல்லோடு உயிரில் தொடங்கும் சொல் வந்து ஒட்டிக்கொள்வதுதான் இங்கே நடக்கிறது. உடல்மேல் உயிர் வந்து ஒன்றுவது இயல்பே என்ற நன்னூல் விதியைப் படித்தவர்களுக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை, ஆனால் ஆங்கில வகுப்பில் யாரும் அதை நினைவூட்டுவதில்லை. தெரிந்த மூன்று சொற்களைத் தெரியாத ஒரு சொல்லாகக் கேட்டுக் குழம்புகிறவர்களின் சிக்கலுக்கு அகராதியில் மருந்து கிடையாது.

இந்த அமைப்பு ஆங்கிலத்துக்கு எப்படி வந்தது என்பது தெரிந்தால் அதன் போக்கு ஓரளவு பிடிபடும். பழைய ஆங்கிலத்தில் இத்தகைய சிறுசொற்கள் பெரும்பாலும் வினைக்கு முன்னால் ஒட்டி நின்றன. 'ஃபர்கிவ்', 'அண்டர்ஸ்டாண்ட்', 'வித்ஸ்டாண்ட்', 'ஓவர்கம்' என்று இன்றும் வழங்கும் சொற்கள் அந்த முன்னொட்டுக் காலத்தின் எச்சங்கள். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் பிரெஞ்சுச் சொற்கள் வெள்ளமாக வந்து முன்னொட்டு வினைகள் பலவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. அதற்கு முன்பே வடக்கிலும் கிழக்கிலும் குடியேறியிருந்த ஸ்காண்டிநேவியர்களின் மொழி, சிறுசொல்லை வினைக்குப் பின்னால் வைக்கும் வழக்கத்தைக் கொண்டிருந்தது. ஆங்கிலத்துக்குள்ளேயே தொடங்கியிருந்த மாற்றத்தை அந்த வழக்கம் வலுப்படுத்தியது என்று மொழி வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பீட்டர்பரோ துறவிமடத்தில் எழுதப்பட்ட ஆண்டுக்குறிப்பில், 1137-ஆம் ஆண்டுப் பகுதியில், மன்னர் ஸ்டீபன் ஆயர்கள் சிலரைப் பிடித்து, அவர்கள் தங்கள் கோட்டைகளை ஒப்படைக்கும் வரை சிறையில் வைத்திருந்த செய்தி வருகிறது. ஒப்படைப்பதற்கு அங்கே ஆளப்பட்டிருப்பது இன்றைய 'கிவ் அப்' என்பதன் பழைய வடிவம். 'கிவ் அப்' கொச்சையான புதுவழக்கு என்று நினைப்பவர்களுக்கு எண்ணூற்றைம்பது ஆண்டுக்கும் மேற்பட்ட இந்த எழுத்துச் சான்று போதுமான மறுப்பு.

முன்னொட்டு வடிவமும் பின்னால் சேரும் வடிவமும் இரண்டுமே பிழைத்துக்கொண்ட சில இடங்கள் வேடிக்கையானவை. 'அப்ஹோல்ட்' என்றால் நிலைநிறுத்துவது. கீழ்நீதிமன்றத் தீர்ப்பை மேல்நீதிமன்றம் உறுதி செய்வதை அப்படித்தான் சொல்வார்கள். அதே இரண்டு துண்டுகளையும் இடம் மாற்றி 'ஹோல்ட் அப்' என்றால் தாமதப்படுத்துவது, அல்லது ஆயுதத்தைக் காட்டிக் கொள்ளையடிப்பது. 'ஓவர்லுக்' என்றால் கவனிக்காமல் விடுவது, 'லுக் ஓவர்' என்றால் ஒருமுறை பார்வையிடுவது. 'ஓவர்டேக்' முந்திச் செல்வது, 'டேக் ஓவர்' பொறுப்பை எடுத்துக்கொள்வது. 'அப்செட்' மனத்தைக் கலைக்கிறது, 'செட் அப்' ஒன்றை நிறுவுகிறது. எந்தச் சொல் முன்னால், எந்தச் சொல் பின்னால் என்பதே பொருளாகிவிடுகிறது.

அயலாருக்கு இது எவ்வளவு பெரிய தலைவலி என்பதை ஆங்கிலேயர்களே வெகு காலத்துக்கு முன்பு உணர்ந்திருந்தார்கள். சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட அகராதியின் முன்னுரையில், வினையோடு சிறுசொல் சேர்ந்து பொருள் மாறும் இந்த வகைச் சேர்க்கை வேறெந்த மொழியைக் காட்டிலும் ஆங்கிலத்தில் மிகுதியாக இருக்கலாம் என்றும், வேற்றுமொழியாளர்க்கு மிகப் பெரிய இடர் இதிலிருந்தே எழுகிறது என்றும் குறிப்பிட்டு, 'கம் ஆஃப்', 'செட் இன்', 'டேக் ஆஃப்' முதலியவற்றை எடுத்துக்காட்டினார். தம்மால் முடிந்த அளவுக்கு அவற்றை அகராதியில் சேர்த்தும் வைத்தார். ஆனால் ஃபிரேசல் வெர்ப் என்ற பெயர் மிகவும் பிந்தியது. லோகன் பியர்சால் ஸ்மித் 1925-இல் வெளியிட்ட நூல் வழியாக அது பரவியது. அந்தப் பெயரைத் தமக்குச் சொன்னவர் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி என்று ஸ்மித் பதிவு செய்திருக்கிறார்.

இனி இடைச்சொல்லின் வேலைக்கு வருவோம். எல்லாவற்றிலும் வளமானது 'அப்'. அதன் அடிப்படைப் பொருள் மேல்நோக்கிய திசை: 'ஸ்டாண்ட் அப்' எழுந்து நில், 'கோ அப்' மேலே போ. கீழே கிடந்தது மேலே வந்தால் கண்ணுக்குத் தெரியும். ஆகவே தோன்றுவதும் வந்து சேர்வதும் 'அப்'பின் பங்கில் விழுகின்றன. எதிர்பாராமல் ஒருவர் வந்து நின்றால் 'டர்ன்ட் அப்'; பேச்சின் நடுவே ஒரு விஷயம் எழுந்தால் 'கேம் அப்'. தமிழிலும் சிக்கல் எழுகிறது, கேள்வி எழுகிறது என்றுதானே சொல்கிறோம்? அடுத்து, பாத்திரத்தில் நீர் மேலே வந்து விளிம்பைத் தொட்டால் இனி இடமில்லை, வேலை முடிந்தது. 'ஃபில் அப்' அங்கிருந்து வருகிறது. 'ஈட் அப்', 'யூஸ் அப்', 'டியர் அப்', 'ஃபினிஷ் அப்' எல்லாம் அதன் வழியில் போகின்றன. 'டிரிங்க் யுவர் மில்க்' என்பதற்கும் 'டிரிங்க் அப் யுவர் மில்க்' என்பதற்கும் உள்ள வேறுபாடு, குடி என்பதற்கும் மிச்சமில்லாமல் குடித்துவிடு என்பதற்கும் உள்ள வேறுபாடு. இங்கே 'அப்' எந்தத் திசையையும் காட்டவில்லை. தமிழில் 'விடு' என்னும் துணைவினை செய்யும் வேலையை அது செய்கிறது. திசையிலிருந்து முடிவுக்கு நான் போட்ட இந்தப் பாதை நினைவில் நிறுத்த உதவும் விளக்கமே ஒழிய, ஒவ்வொரு சொல்லும் இந்த வரிசையில்தான் பிறந்தது என்பதற்கான வரலாற்றுச் சான்று அன்று.

இப்படிப் பார்க்கப் பழகியவர்களுக்கு ஒரு பழைய புதிரும் அவிழும். வீடு எரிந்தால் 'பர்ன்ட் டவுன்' என்கிறார்கள், காகிதம் எரிந்தால் 'பர்ன்ட் அப்' என்கிறார்கள். நெருப்பு ஒன்றுதானே, ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் போவானேன்? நின்றிருந்த கட்டடம் எரிந்து தரைமட்டமாகிறது, எனவே 'டவுன்'. காகிதம் மிச்சமின்றித் தீர்ந்துபோகிறது, எனவே முடிவைக் காட்டும் 'அப்'.

'ஆஃப்' பிரிவின் சொல். உடையைக் கழற்றினாலும் விமானம் தரையை விட்டுக் கிளம்பினாலும் 'டேக் ஆஃப்'. இணைப்பைத் துண்டித்தால் 'கட் ஆஃப்'. ஏற்பாட்டை அடியோடு ரத்து செய்தால் 'கால் ஆஃப்'. வேறு நாளுக்குத் தள்ளினால் 'புட் ஆஃப்'. கடனை அடைத்துத் தீர்த்தால் 'பே ஆஃப்'. தொடக்கத்தில் சொன்ன அலாரமும் விளக்கும் இந்தப் பிரிவு என்ற ஒரே கருத்தின் இரு முகங்கள்தாம். அலாரம் இதுவரை தன்னைப் பிடித்து வைத்திருந்த கட்டிலிருந்து பிரிகிறது, அதனால் அடிக்கிறது; விளக்கு மின்சாரத்திலிருந்து பிரிகிறது, அதனால் அணைகிறது. 'ஆன்' இதற்கு நேர்மாறாக ஒட்டிக்கொண்டிருப்பதைச் சொல்லும். 'கோ ஆன்', 'கேரி ஆன்', 'கீப் ஆன்' மூன்றிலும் செயல் அறுபடாமல் தொடர்கிறது. 'டவுன்' அளவைக் குறைக்கும், சினத்தைத் தணிக்கும், காதில் விழுந்ததைத் தாளில் இறக்கி வைக்கும். 'அவுட்' மறைந்திருந்ததை வெளியே கொண்டுவரும், அல்லது இருப்பைத் தீர்த்துவிடும். 'ஓவர்', 'அவே', 'பேக்' ஆகியவற்றுக்கும் இப்படித் தனித்தனிக் குணங்கள் உண்டு. ஒன்றிரண்டைப் புரிந்துகொண்டவர் மற்றவற்றைத் தாமே ஊகித்துவிடலாம்.

பொருள் தெரிந்தும் வாக்கியம் தவறிப்போகும் இடம் செயப்படுபொருளை எங்கே வைப்பது என்பதில்தான். 'பிக் அப் தி புக்' என்றும் சொல்லலாம், 'பிக் தி புக் அப்' என்றும் சொல்லலாம். ஆனால் புத்தகத்துக்குப் பதில் 'இட்' வந்துவிட்டால் 'பிக் இட் அப்' ஒன்றுதான் சரி. 'பிக் அப் இட்' என்பதை ஆங்கிலக் காது ஏற்காது. இதை வெறும் விதியாக மனப்பாடம் செய்வதைவிட, காரணத்தோடு அறிவது நல்லது. ஆங்கில வாக்கியத்தில் கடைசி இடம் கனமான இடம். புதிய செய்தியும் அழுத்தமும் அங்கே போய் உட்காரும். 'இட்', 'தெம்', 'ஹிம்' ஆகியவை கேட்பவருக்கு முன்பே தெரிந்த ஒன்றைச் சுட்டும் இலேசான சொற்கள், ஆகவே அவை நடுவில் ஒதுங்கிக்கொள்ள, அழுத்தம் பெறும் இடைச்சொல் கடைசிக்கு வருகிறது. இதே காரணத்தால், சென்ற வாரம் அவர்கள் முன்வைத்த சம்பளத்தோடு கூடிய வேலை என்பது போன்ற நீண்ட செயப்படுபொருள் வரும்போது, மறுப்பதைக் குறிக்கும் 'டர்ன் டவுன்' என்பதைப் பிரிக்காமல் முன்னால் சொல்லிவிட்டு நீளமானதைப் பின்னால் வைப்பார்கள். நடுவில் வைத்தால் 'டவுன்' வந்து சேர்வதற்குள் கேட்பவர் தொடக்கத்தை மறந்துவிடுவார்.

பிரியவே பிரியாத வகையும் இருக்கிறது. 'லுக் ஆஃப்டர் ஹெர்', 'ரன் இன்டு ஹிம்', 'கம் அக்ராஸ் இட்' ஆகியவற்றில் சுட்டுப்பெயர் எப்போதும் கடைசியில்தான் நிற்கும். எது பிரியும், எது பிரியாது என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. 'ஆஃப்டர்', 'இன்டு', 'ஃபார்', 'வித்' போன்றவை அடுத்து ஒரு பெயர் இல்லாமல் நிற்க முடியாத சொற்கள்; அவை தம் பெயரை விட்டுப் பிரியா. 'அப்', 'அவுட்', 'அவே', 'பேக்' போன்றவை தனித்து நிற்கக்கூடியவை. அவற்றோடு செயப்படுபொருள் வந்தால் பெரும்பாலும் பிரிக்கலாம். 'ஓவர்', 'ஆன்', 'த்ரூ' இரண்டு பக்கமும் சாயும், அங்கேதான் எச்சரிக்கை தேவை. 'கெட் ஓவர் இட்' என்றால் அந்தத் துயரத்திலிருந்து மீண்டு வா என்று பொருள். 'கெட் இட் ஓவர் வித்' என்றால் பிடிக்காத வேலையைச் சீக்கிரம் முடித்துத் தொலை என்று பொருள். 'இட்' ஓரிடம் நகர்ந்ததில், ஆறுதல் அவசரமாகிவிட்டது.

மூன்று சொற்கள் சேர்ந்தவையும் இருக்கின்றன: பொறுத்துக்கொள்வதற்கு 'புட் அப் வித்', தீர்ந்துபோவதற்கு 'ரன் அவுட் ஆஃப்', ஒருவரோடு ஒத்துப்போவதற்கு 'கெட் அலாங் வித்', ஆவலோடு எதிர்பார்ப்பதற்கு 'லுக் ஃபார்வர்ட் டு'. கடைசியாகச் சொன்னதில் 'டு' வினையோடு சேர்ந்த சொல் என்பதால் அடுத்து 'மீட்டிங்' என்றுதான் வரவேண்டும், 'மீட்' என்று வரக்கூடாது. அலுவலக மின்னஞ்சல்களில் மிகுதியாகக் கண்ணில் படும் பிழை இது. வாக்கியத்தை இடைச்சொல்லில் முடிக்கக்கூடாது என்று ஒரு காலத்தில் பள்ளிகளில் கண்டிப்புக் காட்டினார்கள். அந்தக் கண்டிப்பைக் கேலி செய்ய, 'புட் அப் வித்' என்பதை விதிப்படி முன்னால் இழுத்து 'அப் வித் விச் ஐ வில் நாட் புட்' என்று கட்டிய வாக்கியம் ஒன்று சர்ச்சிலின் பெயரில் உலவுகிறது. அவர் அப்படிச் சொன்னதற்கு உறுதியான சான்று இல்லை. ஆனால் சேர்ந்தே பிறந்த மூன்று சொற்களைப் பிய்த்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டும் இல்லை.

இத்தனை ஆயிரத்தையும் யாரால் கற்க முடியும் என்ற மலைப்பு இயல்பானது. டீ கார்ட்னர், மார்க் டேவிஸ் என்ற இரு ஆய்வாளர்கள், பேச்சிலிருந்தும் எழுத்திலிருந்தும் திரட்டிய பத்துக் கோடிச் சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் தேசியத் தரவகத்தை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு ஒரு பதில் தருகிறது. அடிக்கடி வரும் நூறு ஃபிரேசல் வெர்ப்களே அந்தத் தரவகத்தில் உள்ள மொத்த ஃபிரேசல் வெர்ப் பயன்பாட்டில் பாதிக்கும் சற்று மேலாக இடம்பிடித்திருப்பதை அவர்கள் கண்டார்கள். மகிழ்ச்சியான செய்திதான், ஆனால் அந்த நூறுக்கும் சேர்த்து 559 பொருள்கள் வருகின்றன, சராசரியாக ஒன்றுக்கு ஐந்தரைக்கும் மேல். ஆகவே எண்ணிக்கையை விடப் பொருள்களின் கிளைப்பே பெரிய சவால்.

'பிக் அப்' ஒன்றையே எடுத்துக்கொள்ளலாம். கீழே விழுந்த புத்தகத்தை எடுப்பதும், வழியில் காத்திருப்பவரை வண்டியில் ஏற்றிக்கொள்வதும், அடிக்கும் தொலைபேசியை எடுப்பதும், வகுப்புக்குப் போகாமல் பிறர் பேசக் கேட்டே ஒரு மொழியைக் கற்றுக்கொள்வதும், யாரிடமிருந்தோ சளி தொற்றிக்கொள்வதும், வானொலி அலையைக் கருவி வாங்குவதும், மந்தமாக இருந்த வியாபாரம் சூடுபிடிப்பதும் எல்லாம் 'பிக் அப்'. ஆங்கிலம் பேசுகிறவர் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க மனத்துக்குள் பட்டியலைப் புரட்டுவதில்லை. செயப்படுபொருளைக் கேட்ட மாத்திரத்தில் பொருள் தீர்ந்துவிடுகிறது: புத்தகம் என்றால் எடுப்பது, பயணி என்றால் ஏற்றிக்கொள்வது, ஸ்பானிய மொழி என்றால் கற்றுக்கொள்வது, சளி என்றால் தொற்றுவது. செயப்படுபொருளே இல்லாமல் 'சேல்ஸ் ஆர் பிக்கிங் அப்' என்று வந்தால் சூடுபிடிப்பது. எனவே 'பிக் அப்' என்று எழுதி எதிரே ஏழு பொருள்களை எழுதி வைப்பதைவிட, 'பிக் அப் எ லாங்குவேஜ்', 'பிக் அப் எ பாசெஞ்சர்' என்று இணையாக எழுதி வைப்பது நூறு மடங்கு பயன் தரும்.

ஃபிரேசல் வெர்ப் என்றாலே பேச்சுவழக்கு, எழுத்தில் அதைத் தவிர்த்து இலத்தீன் வழி வந்த ஒற்றைச் சொல்லை வைக்க வேண்டும் என்ற அறிவுரை பரவலாக இருக்கிறது. 'புட் ஆஃப்' வேண்டாம், 'போஸ்ட்போன்' எழுது. 'ஃபைண்ட் அவுட்' வேண்டாம், 'டிஸ்கவர்' எழுது என்பார்கள். இது அரைகுறை உண்மை. ஆய்வுக் கட்டுரைகளில் சோதனையை 'கேரி அவுட்' செய்கிறார்கள், ஒரு காரணத்தை 'ரூல் அவுட்' செய்கிறார்கள், பிறர் கவனிக்காததை 'பாயிண்ட் அவுட்' செய்கிறார்கள். இவற்றை யாரும் கொச்சை என்று ஒதுக்குவதில்லை. பேச்சிலோ நிலைமை தலைகீழ். தொலைபேசியில் ஒருவர் 'ஹோல்ட் ஆன், யூ ஆர் பிரேக்கிங் அப், ஐ வில் ஹேங் அப் அண்ட் கால் யூ பேக்' என்கிறார். சற்றுப் பொறுங்கள், உங்கள் குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது, நான் வைத்துவிட்டு மறுபடி அழைக்கிறேன் என்பது அதன் பொருள். ஒரே மூச்சில் நான்கு ஃபிரேசல் வெர்ப்கள். அந்த இடத்தில் ஒருவர் அழைப்பைத் துண்டிப்பதற்கு 'டெர்மினேட்' என்ற சொல்லைப் போட்டால் இலக்கணம் பிழைக்கும், பேச்சு செத்துவிடும்.

தாய்மொழியில் இந்த அமைப்பு இல்லாதவர்கள் இயல்பாகவே ஒற்றைச் சொல்லின் பக்கம் ஒதுங்குவதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. டகட், பாட்டியா லாஃபர் இருவரும் 1985-இல் வெளியிட்ட ஆய்வில், ஹீப்ரு மொழி பேசும் மாணவர்கள் ஃபிரேசல் வெர்ப்களை, குறிப்பாக நேர்ப்பொருளிலிருந்து விலகியவற்றை, தவிர்ப்பது தெரியவந்தது. லாஃபர் எலியாசனோடு சேர்ந்து 1993-இல் ஸ்வீடிய மாணவர்களை ஆராய்ந்தபோது அத்தகைய தவிர்ப்பு தென்படவில்லை. ஸ்வீடிய மொழியில் 'கிவ் அப்' என்பதற்கு அச்சொட்டாக அதே அமைப்பில் 'யே உப்' இருக்கிறது. அவர்களுக்கு இது புதிய உலகம் இல்லை.

தமிழர் நிலை இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டு சொற்கள் சேர்ந்து மூன்றாவது பொருளைத் தருவது நமக்குப் பழகிய வழி. கண்டுபிடி, விட்டுக்கொடு, பார்த்துக்கொள், தள்ளிப்போடு என்று நாள்தோறும் பேசுகிறோம். விடு, கொடு இரண்டும் தெரிந்த ஒரு வெளிநாட்டவர் விட்டுக்கொடு என்பதன் பொருளை ஊகிக்க முடியாமல் திண்டாடுவார். போட்டுக்கொடு என்பதைக் கேட்டால் இன்னும் திண்டாடுவார். குழந்தையைப் பார்த்துக்கொள் என்பதில் உள்ள பார்வையும் 'லுக் ஆஃப்டர்' என்பதில் உள்ள பார்வையும் ஒன்றே. ஆகையால் பொருள் கூடிப் பிறப்பதில் நமக்குத் தடை இருக்கத் தேவையில்லை. இடறுவது வேறு இடத்தில். தமிழில் கால உருபு இரண்டாவது சொல்லில் ஏறும், தள்ளிப்போட்டேன் என்கிறோம். ஆங்கிலத்தில் முதல் சொல்லில் ஏறும். தமிழில் தள்ளி என்பதற்கும் போட்டேன் என்பதற்கும் நடுவே அதை என்ற சொல்லை நுழைப்பதில்லை. ஆங்கிலத்தில் 'புட் இட் ஆஃப்' என்று நுழைத்தே ஆகவேண்டும். பயிற்சி தேவைப்படுவது இந்த நடுவிடத்துக்குத்தான்.

தேவையில்லாத இடத்தில் இடைச்சொல்லைச் சேர்ப்பதும் நடக்கிறது. சமாளிப்பதற்கு 'கோப் வித்' போதும். 'கீப் அப் வித்', 'கேட்ச் அப் வித்' ஆகியவற்றின் ஓசை காதில் நின்றுவிட்டதால் பலர் 'கோப் அப் வித்' என்று எழுதுகிறார்கள். நாட்டுக்கு நாடு பொருள் மாறுவதும் உண்டு. 'வாஷ் அப்' என்றால் பிரிட்டனில் பாத்திரம் கழுவுவது, அமெரிக்காவில் கைமுகம் கழுவுவது. படிவத்தை நிரப்ப பிரிட்டனில் 'ஃபில் இன்', அமெரிக்காவில் 'ஃபில் அவுட்', இரண்டும் சரி. இந்திய ஆங்கிலத்தில் கல்லூரிப் படிப்பை முடித்து வெளியேறுவதை 'பாஸ் அவுட்' என்கிறார்கள். பிற நாட்டவர் பலருக்கு அது மயங்கி விழுவது. தன்விவரக் குறிப்பில் அதை எழுதுகிறவர், படிப்பை முடித்த ஆண்டில் தாம் மயங்கி விழுந்ததாகச் செய்தி தருகிறார்.

புதிய கருவிகள் வந்தபோது ஆங்கிலம் புதுச்சொல் தேடி அலையாமல் இந்தப் பழைய அமைப்பையே எடுத்துக்கொண்டது. 'லாக் இன்', 'சைன் அப்', 'ஜூம் இன்', 'ஸ்க்ரோல் டவுன்', 'பேக் அப்', 'ஆப்ட் அவுட்' எல்லாம் அப்படி வந்தவை. அவற்றின் இடைச்சொற்கள் மேலே பார்த்த அதே திசைகளைத்தான் காட்டுகின்றன. இவற்றில் பல பெயர்ச்சொல்லாகவும் மாறுகின்றன. அப்போது இரண்டு துண்டுகளும் ஒட்டி ஒரே சொல்லாகின்றன, அழுத்தமும் கடைசியிலிருந்து முதல் துண்டுக்கு நகர்கிறது. 'தி கார் ப்ரோக் டவுன்' என்னும்போது வினை, அழுத்தம் 'டவுன்' மேல். 'எ பிரேக்டவுன்' என்னும்போது பெயர், அழுத்தம் 'பிரேக்' மேல். 'லாகின்' என்று சேர்த்து எழுதினால் அது நுழைவுப் பெயர் அல்லது நுழைவுப் பக்கம். செயலைச் சொல்லும்போது பிரித்து எழுத வேண்டும். ஐயம் வந்தால் அதை இறந்தகாலத்துக்கு மாற்றிப் பார்க்கலாம்: 'லாகின்ட்' என்று யாரும் சொல்வதில்லை, 'லாக்ட் இன்' என்றுதான் சொல்கிறார்கள், காலம் நடுவில் ஏறி இரண்டையும் பிரித்துவிடுகிறது. கற்போருக்கான அகராதிகள் சிலவற்றில் 'பிக் சம்திங் அப்' என்பதன் நடுவே இருதலை அம்புக்குறி ஒன்று இருக்கும். செயப்படுபொருளை இடைச்சொல்லுக்கு முன்னும் வைக்கலாம், பின்னும் வைக்கலாம் என்பதற்கான குறி அது. அந்தக் குறி இல்லாமல் 'லுக் ஆஃப்டர் சம்படி' என்று தொடர்ந்து அச்சாகியிருந்தால், அங்கே பிரிக்க இடமில்லை.